வாங்குமுன் ஒரு வார்த்தை: மோட்டார் வைத்த மலைச் சைக்கிள்

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் மோட்டார் வைத்த மலைச் சைக்கிள் பற்றியே. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

ஐயா, செம்பனைத் தோட்டத்துப் பாதையிலும் அதற்குப் பின்னாலுள்ள காட்டுத் தடத்திலும் ஓட்டுவதற்கு ஒன்று வாங்க வேண்டும். என் எடை 82 கிலோ. 5,200 வெள்ளிக்கு ஒன்று பார்த்தேன்: 1000 வாட், மோட்டார் பின்சக்கரத்தில், முன்னும் பின்னும் ஷாக். இன்னொன்று 9,800 வெள்ளி: 250 வாட்தான், மோட்டார் பெடல் நடுவில், முன்னால் மட்டும் 120 மில்லிமீட்டர் ஷாக். பாதி விலையில் நாலு மடங்கு சக்தி கிடைக்கும்போது இரண்டாவது எதற்கு?
– தொழிற்சாலை ஊழியர், சுங்கை சிப்புட்

தம்பி, அந்த நாலு மடங்கு ஸ்டிக்கரில் மட்டும்தான் இருக்கிறது. 250 வாட் என்பது ஐரோப்பாவின் ஈஎன் 15194 தரப்படி, மோட்டார் சூடேறாமல் தொடர்ந்து தரக்கூடிய அளவு. போஷ், ஷிமானோ போன்றவற்றின் நடு மோட்டார்கள் மேட்டில் சில நிமிடங்களுக்கு 500 வாட்டுக்கு மேலேயே தரும். மலிவு வண்டியில் 1000 என்று ஒட்டியிருப்பது பெரும்பாலும் உச்சத்தில் ஒரு கணம் தொடும் எண். ஒரு வண்டியின் உச்ச எண்ணையும் இன்னொன்றின் தொடர் எண்ணையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் எப்படி?

மேட்டில் வேண்டியது முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருகிச் சுற்றும் பலம். விற்பவரிடம் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று கேளுங்கள். நடு மோட்டாரின் விசை சங்கிலி வழியாகப் போவதால் கியர் அதைப் பெருக்கித் தரும். முன்னால் 32 பல், பின்னால் 50 பல் என்றால், 85 நியூட்டன் மீட்டர் சக்கரத்துக்குப் போகும்போது 130க்கு மேல். பின்சக்கர மோட்டாருக்கு இந்தக் கியர் உதவி கிடையாது. செங்குத்தான செம்மண் மேட்டில் 7 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் 29 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 சுற்றுதான் சுற்றும். அந்த மோட்டார் அதைப்போல நாலைந்து மடங்கு வேகத்தில் சுற்றச் செய்யப்பட்டது. மெதுவாகச் சுற்றும்போது பாட்டரி தரும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். உள்ளே இருப்பது நைலான் பல்சக்கரமாக இருந்தால் அது இளகித் தேய்ந்துவிடும். தார் ரோட்டில் பசாருக்குப் போய்வர பின்சக்கர மோட்டார் போதும். ஆனால் நீங்கள் கேட்டது காட்டுத் தடத்துக்கு.

பாட்டரியைப் பற்றியும் வாயே திறக்க மாட்டார்கள். வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்கினால் வாட் அவர், அதாவது பாட்டரியில் மொத்தம் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்ற கணக்கு. 36 வோல்ட், 14 ஆம்பியர் அவர் என்றால் 504. மேடு பள்ளமான தோட்டப் பாதையில் நடுத்தர உதவியில் கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட் அவர் போகும், முழு உதவியில் 20ஐத் தாண்டும். 504க்கு முப்பத்தைந்து நாற்பது கிலோமீட்டர் நியாயம். ‘100 கிலோமீட்டர் ஓடும்’ என்பது சமதரையில், ஒல்லியான ஆள், மிகக் குறைந்த உதவி.

பின் ஷாக் இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். அந்த விலையில் வருவது பெரும்பாலும் வெறும் சுருள், மூட்டுகளில் பிளாஸ்டிக் புஷ். சேறு புகுந்தால் சில மாதத்திலேயே பின்பக்கம் ஆட்டம் காணும். (படத்தில் பின் ஷாக்கைப் பார்த்து மயங்கி வாங்கிய ஒன்றைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டவன் நான்.) முதல் வண்டிக்கு, முன்னால் மட்டும் நல்ல ஷாக் உள்ளதே மேல்.

அதற்காக 9,800 வெள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு நீட்ட வேண்டாம். கடையில் முதலில் பிரேக்கைப் பாருங்கள். மேட்டில் மோட்டார் தூக்கிவிடும். இறங்கும்போது உங்கள் 82 கிலோவையும் வண்டியின் 23 கிலோவையும் பிரேக்தான் பிடிக்க வேண்டும். எண்ணெய்ப் பிரேக்காக, முன்வட்டு (பிரேக் பட்டை கவ்விப் பிடிக்கும் உலோகத் தட்டு) 180 மில்லிமீட்டராவது, முடிந்தால் 203, நாலு பிஸ்டனாக இருந்தால் நிம்மதி. வட்டின்மேல் ‘ரெசின் பேட் ஒன்லி’ (ரெசின் பட்டை மட்டும்) என்று பொறித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பொறித்திருந்தால் உலோகப் பட்டை போட முடியாது. மழைச் சேற்றில் ரெசின் பட்டை சீக்கிரம் கரைந்துவிடும், பட்டையோடு வட்டையும் மாற்ற வேண்டிவரும்.

அடுத்து ஷாக். காற்று அடைக்கும் வகையா என்று கேளுங்கள். உங்கள் எடைக்குக் காற்று அடைக்கச் சொல்லி, தண்டிலுள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, ஆடாமல் வண்டியில் உட்கார்ந்து இறங்குங்கள். 120 மில்லிமீட்டரில் 25 முதல் 35 வரை அமுங்கியிருந்தால் சரி. சுருள் வகை என்றால் உங்கள் எடைக்கேற்ப மாற்ற வழி குறைவு. தண்டு 34 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் இந்தக் கனத்துக்குக் கொஞ்சம் வளையும்.

சக்கரத்தின் அச்சு, துளை வழியாகச் செருகித் திருகும் தடித்த அச்சாக இருக்கட்டும், பின்னால் 12 மில்லிமீட்டர் தடிமன், 148 மில்லிமீட்டர் அகலம். இழுத்துப் பூட்டும் மெல்லிய அச்சு இந்த வண்டிக்கு ஆகாது. பின்பற்கள் ஒரே உருளையாகத் திருகி வரும் பழைய வகையா, சக்கரத்தின் நடுவில் செருகிப் பூட்டும் கேசட்டா என்று பார்க்கவும், கேசட் வேண்டும். இருக்கைத் தண்டின் குழாய் 30.9 அல்லது 31.6 மில்லிமீட்டர் என்றால், பொத்தானை அழுத்தி இறக்கும் இருக்கையைப் பிற்பாடு மாட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக, மோட்டாரை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் மிதியுங்கள். பாட்டரி காலியானால் அப்படித்தான் வீடு வந்து சேர வேண்டும். இந்த எல்லாவற்றிலும் தேறினால் இரண்டாவதை வாங்குங்கள். தேறாவிட்டால் இரண்டுமே வேண்டாம், காசு பத்திரமாக இருக்கட்டும்.

மகனுக்கு இணையத்தில் ‘மலைச் சைக்கிள்’ என்று 4,300 வெள்ளிக்கு வாங்கினோம். நாலு மாதத்தில் பாட்டரி செத்துவிட்டது. மழையில் ஓட்டியதால் வாரண்டி கிடையாது, புது பாட்டரியும் இப்போது வருவதில்லை என்கிறார் உள்ளூர் விற்பனையாளர். கூட்டு (சீட்டு) கட்டி எடுத்த பணத்தில் வாங்கியது ஐயா.
– தோட்டத்துப் பாலர்பள்ளி ஆசிரியை

அம்மா, தப்பு உங்கள்மேல் துளியும் இல்லை. மலைச் சைக்கிள் என்று விற்றுவிட்டு நம் ஊரில் மழையில் ஓட்டக்கூடாது என்பது என்ன நியாயம்? மலேசியாவின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, பிரிவு 32 பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. எவ்வளவு காலம் தாங்கும் என்பதும் அந்தத் தரத்தில் அடக்கம். பிரிவு 33, சொன்ன பயன்பாட்டுக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. உதிரிபாகம் நியாயமான காலம்வரை கிடைக்கச் செய்வது பிரிவு 37.

விளம்பரப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு இருக்காது. ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, பாட்டரியின் படம் எல்லாவற்றையும் சேருங்கள். 14 நாள் கெடு வைத்து எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடுங்கள். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளிவரை கோரலாம், பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. அதுவரை அந்தப் பாட்டரியைச் சார்ஜில் போட வேண்டாம். யாராவது ‘உள்ளே செல் மாற்றித் தருகிறேன்’ என்றால் கொடுக்கவும் வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து ஒன்று, உங்கள் சாட்சிப் பொருளும் கைவிட்டுப் போகும்.

பழைய வண்டி, 1,800 வெள்ளி. சார்ஜர் இல்லை, பாட்டரிச் சாவியும் தொலைந்துவிட்டதாம். வாங்கலாமா?

வேண்டாம். சாவி தொலைந்தது விற்பவரிடமா, உண்மையான சொந்தக்காரரிடமா என்று முதலில் யோசியுங்கள்.

என் உயரம் 160 சென்டிமீட்டர். தள்ளுபடியில் எல் அளவு மட்டும் இருந்தது, வாங்கிவிட்டேன். இப்போது கால் எட்டவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். புகார் செய்யலாமா?

கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லையே. அளவு வண்டியிலேயே எழுதியிருந்தது. ஏறி நின்று பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை. இருக்கையை இறக்குவதால் சரியாகாது, வண்டிச் சட்டகத்தின் நீளம்தான் பிரச்சினை. ஓட்டாமல் புதிதாக வைத்து, உயரமான ஒருவருக்கு நட்டத்தில் விற்றுவிடுங்கள்.

செம்பனை மட்டை முள் குத்தி வாரம் இரண்டு பஞ்சர். டியூப் இல்லாத டயரில் ஓட்டை அடைக்க ஊற்றும் பால் விலை அதிகம். நம் பால்மரத்து (ரப்பர் மரத்து) பாலையே ஊற்றினால் என்ன?
– முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி

கேட்டதில் அர்த்தம் இருக்கிறது அண்ணே, கடையில் விற்கும் பலவற்றிலும் ரப்பர் பால்தான். ஆனால் மரத்திலிருந்து இறக்கிய பால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும், டயருக்குள் ஒரு கட்டி உருண்டுகொண்டிருக்கும். உறையாமலிருக்க அமோனியா சேர்த்தால் அலுமினிய வளையத்தை அரிக்கும். ஓட்டையை அடைக்கும் துகளும் நாரும் அதில் இல்லை. கடைப் பாலையே 29 அங்குல டயருக்கு 100 மில்லிலிட்டர் ஊற்றுங்கள். நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், குலுக்கிப் பார்த்துச் சத்தம் இல்லையென்றால் மறுபடி ஊற்ற வேண்டும். உடைந்த முள் டயரில் நின்றால் பிடுங்கிவிடுங்கள், விட்டால் உள்ளே ஏறிக்கொண்டே போகும்.

மோட்டார்சைக்கிள் கழுவும் கடையில் ஜெட் தண்ணீர் அடிக்கலாமா?

கூடாது. அந்த அழுத்தம் மோட்டாரின் அச்சு ஓரத்து ரப்பரைத் தாண்டி பேரிங்குக்குள் தண்ணீரைத் தள்ளிவிடும். வாளித் தண்ணீர், பிரஷ், பிறகு சங்கிலியைத் துடைத்து எண்ணெய். செம்மண் ஒட்டிய சங்கிலியை அப்படியே ஓட்டுகிறவர்கள் தேய்மான அளவுகோல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 0.5 (அரை சதவீதம் நீண்டுவிட்டது) என்று காட்டினால் சங்கிலியை மட்டும் மாற்றினால் போதும், விட்டுவிட்டால் கேசட்டும் சேர்ந்து போகும்.