பால்கனி வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டும்

கப்பல் பயணம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஒன்பது முறை சொகுசுக் கப்பலில் போய்வந்த கும்பகோணத்து ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் பதில் சொல்கிறார்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. முப்பத்திரண்டு வருடம் வங்கியில் கணக்குப் பார்த்தவள். மகன் சிங்கப்பூரில் இருப்பதால் 2013-இல் தற்செயலாகத் தொடங்கிய பழக்கம் இது. அலாஸ்கா ஒரு முறை, மத்தியதரைக் கடல் ஒரு முறை, மற்றதெல்லாம் சிங்கப்பூரிலிருந்து மூன்று நான்கு ராத்திரிப் பயணம். பெரிய பணக்காரி இல்லை. அதனால் என் பதில்களில் காசு வாசனை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவுக்கு ஒருவருக்கு இவ்வளவு என்று விளம்பரம் வருகிறது. அதற்கு மேல் ஒன்றும் கட்ட வேண்டாமா? (திண்டுக்கல் வாசகர்)

கட்ட வேண்டும். விளம்பரத்தில் இருப்பது கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆன காசு. துறைமுகக் கட்டணமும் வரியும் அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும். அப்புறம் டிப்ஸ். நம் ஊர் ஓட்டலில் மனம் வந்தால் கொடுப்பது மாதிரி இல்லை இது. பெரிய அமெரிக்கக் கம்பெனிக் கப்பல்களில் தலைக்கு ஒரு ராத்திரிக்கு 16 முதல் 20 டாலர் வரை தானாகவே பில்லில் ஏறிவிடும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சேர்த்து. நான்கு பேர் மூன்று ராத்திரி போனால் இதிலேயே 200 டாலர் பக்கம் வந்துவிடும். தண்ணீர், டீ, சாதாரண காபி இலவசம். கூல்டிரிங்க்ஸ், நுரை பொங்கும் காபி, வைஃபை எல்லாம் தனிக் காசு.

இன்னொன்று, அந்த விலை ஒரே அறையில் இருவர் தங்கும் கணக்கு. தனியாகப் போனால் பல கப்பல்களில் இல்லாத ஆளுக்கும் சேர்த்து நீங்களே கட்ட வேண்டியிருக்கும்.

கப்பலில் கையில் ரொக்கம் புழங்காது. அறைச்சாவி அட்டையில் செலவு எழுதிக்கொண்டே வருவார்கள், கடைசியில் உங்கள் வங்கி கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அதற்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். செலவு ஆகிறதோ இல்லையோ ஒரு தொகையை முன்கூட்டியே பிடித்து வைப்பார்கள். இறங்கிய பிறகு அது விடுபட நாளாகும். முதல் பயணத்தில் எங்கள் பணம் பத்து நாள் மாட்டிக்கொண்டது. வங்கியில் வேலை பார்த்தவளே இப்படி மாட்டினாளே என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

பால்கனி அறையா, ஜன்னலே இல்லாத உள் அறையா? விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். (சேலம் வாசகி)

உள் அறை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று ராத்திரிப் பயணத்தில் அறையில் இருப்பது தூங்கவும் குளிக்கவும்தான். கடல் மேல் தளத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான், டிக்கெட் விலை பார்த்துத் தெரிவதில்லை. மிச்சம் பிடிக்கும் காசை இறங்கும் ஊரில் செலவழியுங்கள்.

அலாஸ்கா போனபோது மகன் ஆசையாகப் பால்கனி போட்டுக் கொடுத்தான். கிளேசியர் பே என்ற இடத்தில் பனிப்பாறை முன்னால் கப்பலை நிறுத்தி, இரண்டு பக்கத்து ஆட்களும் பார்க்கட்டும் என்று மெதுவாகச் சுற்றித் திருப்புவார்கள். பாறை விண்டு தண்ணீரில் விழும்போது இடி மாதிரி ஒரு சத்தம். நாங்கள் அதைப் பார்த்தது எங்கே? மேல் தளத்தில், போர்வையைப் போர்த்திக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக. பால்கனியில் காய்ந்தது எங்கள் வீட்டுக்காரரின் ஈரத்துண்டுதான். அதையும் பணியாளர் வந்து எடுக்கச் சொல்லிவிட்டார். காற்றில் பறந்து போய் எங்காவது விழும் என்று தடை.

விலையைவிட முக்கியம் அறை இருக்கும் இடம். எந்தத் தளத்தில் எது இருக்கிறது என்று காட்டும் கப்பலின் வரைபடம் இணையத்தில் கிடைக்கும். உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கிற இடமாகப் பாருங்கள். ஒரு முறை பஃபே ஹாலுக்கு நேர் கீழே மாட்டிக்கொண்டோம். விடியற்காலை ஐந்து மணிக்கு நாற்காலி இழுக்கத் தொடங்கினார்கள். நடுப்பகுதி, கீழ்த்தளம் என்றால் ஆட்டமும் குறைவு, லிஃப்டும் பக்கம்.

உள் அறையில் விளக்கணைத்தால் கும்மிருட்டு. மணி பகலா ராத்திரியா தெரியாது. பல கப்பல்களில் முன்பக்க கேமரா காட்சி டிவியில் ஒரு சேனலில் ஓடும். சத்தத்தை அணைத்துவிட்டு அதை ஓடவிட்டால் விடியும்போது அறையிலும் விடியும். காசில்லாத ஜன்னல்.

மாமியார் சுத்த சைவம், முட்டைகூட ஆகாது. சின்ன எலக்ட்ரிக் குக்கர் எடுத்துப் போகலாமா? (தஞ்சாவூர் வாசகி)

கூடாது. குக்கர், கெட்டில், தண்ணீர் சுடவைக்கும் கம்பி, அயர்ன் பாக்ஸ் எதுவும் ஏற்ற மாட்டார்கள். எக்ஸ்ரேயில் தெரியும், வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் தருவார்கள். கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை, அதனால் இதில் நான் அவர்கள் கட்சி.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். டிக்கெட் போடும்போதே சைவம் என்று எழுதச் சொல்லுங்கள். முதல் ராத்திரி, பஃபேயை விட்டுவிட்டு உட்கார வைத்துப் பரிமாறும் ஹாலுக்குப் போய், அங்கே பொறுப்பாளரைக் கூப்பிட்டு நாளைக்கு இன்னது வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சமையலிலும் பரிமாறுவதிலும் கோவா, மும்பை, கேரளா ஆட்கள் நிறைய. ஒரு கோவாக்காரர் எங்கள் மேசைக்கு மட்டும் நாலு நாளும் பருப்பும் வறுவலும் கொண்டுவந்து வைத்தார், மெனுவில் இல்லாதது. 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொல்லாமல் முட்டை, மீன் சாஸ், சிப்பி சாஸ் கூடாது என்று பிரித்துச் சொல்லுங்கள். சிங்கப்பூர், தாய்லாந்து பக்கத்துச் சமையலில் காய்கறிப் பொரியலில்கூட இந்த சாஸ்கள் ஊற்றப்படும்.

காலையில் பஃபேயில் இனிப்பில்லாத தயிர் இருக்கும். மத்தியானம் வெள்ளைச் சோறும் இருக்கும். சீல் பிரிக்காத ஊறுகாய் பாக்கெட்டும் பருப்புப்பொடியும் கொண்டு போனால் மாமியார் பிழைத்துக்கொள்வார். கப்பல் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக் கரைக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள், சில நாடுகளில் அபராதம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுகிறேன்: கழிவறையில் பெரும்பாலும் காகிதம்தான், தண்ணீர்க் குழாய் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் மக் பெட்டியில் போகட்டும்.

எனக்குப் பஸ்ஸிலேயே வாந்தி வரும். கப்பல் ஒத்துக்கொள்ளுமா? (நாகர்கோவில் வாசகர்)

சிங்கப்பூர் – பினாங்கு – புக்கெட் வழி பெரும்பாலும் மலாக்கா நீரிணை. இரண்டு பக்கமும் நிலம் காக்கும் கடல், அனேகமாகக் குளம் மாதிரி இருக்கும். முதல் பயணத்துக்கு இதையே எடுங்கள். வங்கக் கடல் வழியாக ஐப்பசி, கார்த்திகையில் போக வேண்டாம், நமக்கே தெரியும் அப்போது அங்கே என்ன நடக்கும் என்று. மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வரும். வெறும் வயிறு கூடாது. குனிந்து செல்போன் பார்க்காமல் மேலே வந்து தூரத்து அடிவானத்தைப் பாருங்கள்.

ஊர் சுற்றிவிட்டு லேட்டாக வந்தால் கப்பல் காத்திருக்குமா? (கோயம்புத்தூர் வாசகி)

காத்திருக்காது. கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போய் அந்த பஸ் தாமதமானால் காத்திருப்பார்கள். நீங்களாக டாக்சி பிடித்துப் போயிருந்தால் மேல் தளத்துக்காரர்கள் உங்களுக்கு டாட்டா காட்டுவார்கள்.

எங்களுக்குக் கிட்டத்தட்ட நடந்தது. புக்கெட்டில் பெரிய கப்பல் கரைக்கு வராது; பாட்டாங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு, சின்னப் படகில் கொண்டுபோய் விடுவார்கள். கடைசிப் படகு நாலரை மணி. மாங்காய் வெட்டி உப்புமிளகாய் போட்டுத் தின்றுகொண்டு நிதானமாக உட்கார்ந்திருந்தோம். என் செல்போனில் மணி மூன்று பத்து. இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, நாலு பத்து ஆகிறது" என்றார். பழைய எச்.எம்.டி., சாவி கொடுக்கிற ரகம். ஓடுகிறதா ஓடவில்லையா என்று நான் தினமும் கிண்டல் செய்வது.

கடிகாரம்தான் சரி. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். செல்போன் கரையில் சிக்னல் பிடித்ததும் தானாக மாறிக்கொண்டது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே நின்றது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் ஓடினோம். கடைசிக்கு முந்தின படகு கிடைத்தது. அன்றிலிருந்து அந்தக் கடிகாரத்தை நான் ஒன்றும் சொல்வதில்லை.

ஆகவே, இறங்கும் வாசலில் எழுதியிருக்கும் கப்பல் நேரத்தைப் பார்த்து, மாறாத ஒரு கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளுங்கள். தினமும் அறைக்கு வரும் தாளில் அந்த ஊர் ஏஜென்ட்டின் எண் இருக்கும், அதைப் படம் எடுத்து வையுங்கள். எங்கே தனியாகப் போவது, எங்கே கப்பல் பஸ்ஸில் போவது? தூரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். பினாங்கில் சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் லிட்டில் இந்தியாவும் மகாமாரியம்மன் கோயிலும் நடக்கிற தூரம். இதற்குப் போய் காசு கொடுத்து டூர் எடுப்பது வீண். 'ரோம்' என்று போட்டிருக்கும் துறைமுகமோ சிவிட்டாவெக்கியா; ரோம் அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். அங்கே நான் கப்பல் பஸ்ஸுக்கே காசு கொடுத்தேன்.

மகள் சியாட்டிலில் இருக்கிறாள். அங்கிருந்து அலாஸ்கா கப்பல். அமெரிக்க விசா இருக்கிறது, போதும்தானே? (திருச்சி வாசகர்)

போதாது, கனடா விசாவும் வேண்டும். 1886-இல் போட்ட ஓர் அமெரிக்கச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வேறு நாட்டில் பதிவான கப்பல், நடுவில் வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் சுற்றிவரக் கூடாது. அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் கடைசி ராத்திரி கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கின்றன. நான் இறங்க மாட்டேன் என்று சொன்னாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் ஏற்ற மாட்டார்கள். அமெரிக்க விசாவும் பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும், கனடாவிலிருந்து திரும்புவது புது நுழைவு. சிங்கப்பூரில் கப்பல் ஏறினாலும் விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும்.

அப்பாவுக்கு 74 வயது, பிரஷர், சுகர். கப்பலில் டாக்டர் உண்டா? (ஈரோடு வாசகி)

உண்டு, இலவசம் இல்லை. எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு தடவை காய்ச்சலும் சளியும் வந்து 180 டாலர் பில். நடுக்கடலில் நெஞ்சுவலி என்று ஹெலிகாப்டரோ வெளிநாட்டு ஆஸ்பத்திரியோ ஆனால் லட்சக்கணக்கில் போகும். இங்கே நாம் கட்டும் சாதாரண மருத்துவ இன்சூரன்ஸ் அங்கே பொதுவாக உதவாது. பயண இன்சூரன்ஸ் எடுங்கள். அதில் கப்பல் பயணமும், நோயாளியை வேறிடம் கொண்டுபோகும் செலவும், இருக்கிற பிரஷர் சுகரும் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். பால்கனியில் மிச்சம் பிடித்தீர்களே, அதில் ஒரு பங்கு இதற்கு.

மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். சூட்கேஸ் அறைக்கு வந்துசேர சாயங்காலமாகும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். கப்பலில் பரவும் நோரோ வைரஸ் வயிற்றுப்போக்குக்கு வாசலில் இருக்கும் கை ஜெல் அவ்வளவாகப் பலிக்காது.

மகளுக்கு ஐந்தாம் மாதம். போகலாமா? (விழுப்புரம் வாசகி)

பயணம் முடியும் முன் 24 வாரம் தொட்டுவிட்டால் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை. தேதியை எண்ணிப் பாருங்கள், டாக்டர் கடிதமும் வேண்டும். குழந்தை பிறந்த பிறகு போவதென்றால் குழந்தைக்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

டைட்டானிக் ஞாபகம் வந்து பயமாக இருக்கிறது. (காரைக்குடி வாசகர்)

எனக்கு ஞாபகம் வருவது கோஸ்டா கான்கார்டியா. 2012 ஜனவரி 13, இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது, 32 பேர் இறந்தார்கள். அன்று சாயங்காலம் ஏறியவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடக்கவே இல்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போது விதி. இப்போது கப்பல் கிளம்பும் முன்பே முடிக்க வேண்டும். ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல் கேட்டால் உங்கள் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் பஃபே வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அறையிலிருந்து கூடுமிடத்துக்கு ஒரு தடவை படியில் நடந்து பாருங்கள், லிஃப்டில் வேண்டாம்.

கடைசி நாள் எப்படி இருக்கும்? (வேலூர் வாசகி)

முந்தின ராத்திரியே சூட்கேஸில் சீட்டுக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். காலையில் அது கரையில் உங்களுக்காக நிற்கும். மறுநாள் போட வேண்டிய துணியை வெளியே எடுத்து வைத்துக்கொண்டீர்களா என்று பார்த்துவிட்டு வையுங்கள். எங்கள் வீட்டுக்காரர் சட்டையை எடுத்து வைத்தார், பேண்ட்டை எல்லாம் பெட்டியில் அடுக்கிவிட்டார். காலையில் கையில் மிஞ்சியது ராத்திரி கட்டியிருந்த கட்டம்போட்ட லுங்கி. சிங்கப்பூர் மரினா பே துறைமுகத்தில் அதோடுதான் இறங்கினார், நான் பத்தடி முன்னால் நடந்தேன்.