டிப்பர் வாங்கும்போது பின் ஆக்சிலை எப்படி ஒப்பிடுவது? கேள்வி-பதில்

கேள்வி: ஜல்லி, எம்-சாண்ட் ஓட்ட 10 சக்கர டிப்பர் எடுக்கப் போகிறேன். பார்த்து வைத்த இரண்டு வண்டிகளில் ஒன்று ஹப் ரிடக்‌ஷன் ஆக்சில், மற்றது சாதாரண சிங்கிள் ரிடக்‌ஷன். இரண்டிலும் பின்பக்க எடை 21 டன் என்றே போட்டிருக்கிறது. அப்படியானால் வலுவும் ஒன்றுதானே? – சங்ககிரி வாசகர்

பதில்: ஒன்றல்ல. 21 டன் என்பது இரட்டை ஆக்சிலுக்குச் சாலையில் சட்டம் அனுமதிக்கும் உச்ச எடை. 2018 ஜூலை அறிவிக்கைக்கு முன் அது 19 டன்னாக இருந்தது. இரண்டு கம்பெனிகளும் சட்ட எல்லையைத்தான் அச்சடித்திருக்கிறார்கள். ஆக்சில் எவ்வளவு தாங்கும் என்பதை அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

பின் ஆக்சிலுக்கு இரண்டு வேலை. ஒன்று எடையைச் சுமப்பது; அது ஹவுசிங்குக்கும் (ஆக்சிலின் வெளிக்கூடு) ஹப் பேரிங்குக்கும் (சக்கர நடுவத்தின் பேரிங்) உரியது. மற்றது சக்கரத்தைத் திருப்புவது; அது கிரவுன் பினியன் (இன்ஜின் சுழற்சியைச் சக்கரப் பக்கம் திருப்பும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி), ஸ்பைடர் (அதை இரு பக்கத்துக்கும் பிரிக்கும் சிறு பல்சக்கரங்கள்), ஆக்சில் ஷாஃப்ட் (அதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) ஆகியவற்றின் பாடு. குவாரி வண்டியில் பெரும்பாலும் அடி வாங்குவது இந்த இரண்டாவது கூட்டம்தான். அதனால் அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்ஜின் டார்க் (முறுக்கு விசை) 800 நியூட்டன் மீட்டர், முதல் கியர் ரேஷியோ 9, ஆக்சில் ரேஷியோ 5.86 (கிரவுனில் 41 பல், பினியனில் 7 பல்) என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் சுமார் 42,000. இரண்டு ஆக்சிலும் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 21,000. ஒவ்வொரு ஷாஃப்ட்டுக்கும் 10,500. சிங்கிள் ரிடக்‌ஷனில் இந்த 10,500 முழுவதும் ஷாஃப்ட் வழியாகவே சக்கரத்துக்குப் போகிறது. ஹப் ரிடக்‌ஷனில் சக்கரத்துக்குள் இருக்கும் சிறு கியர்கள் கடைசிக் கட்டப் பெருக்கலைச் செய்கின்றன. அங்கே 3.5 மடங்கு நடக்கிறது என்றால், சக்கரத்தில் அதே 10,500 வர ஷாஃப்ட்டில் 3,000 இருந்தால் போதும். ஸ்பைடருக்கும் கிரவுன் பல்லுக்கும் அதே விகிதத்தில் பாரம் குறைகிறது. நடுவில் உள்ள குடமும் (கிரவுனும் டிஃப்ரன்ஷியலும் இருக்கும் உருண்டைப் பகுதி) சிறிதாக இருப்பதால் தரையில் கல் தட்டுவது குறைவு.

பிறகு ஏன் எல்லோரும் அதையே வாங்குவதில்லை? கியர்கள் அதிகம், எடை அதிகம், எண்ணெயைக் கலக்கி உருளும் உராய்வு அதிகம். நெடுஞ்சாலையில் மைலேஜ் அடிபடும், ஹப் சூடாகும். ஒவ்வொரு ஹப்பிலும் தனியாக எண்ணெய் மட்டம் பார்க்க வேண்டும்; சீல் போனால் அந்த எண்ணெய் நேராக பிரேக் லைனரில் இறங்கும். குழிக்குள்ளிருந்து கிரஷருக்குக் குறுந்தூரம், செங்குத்தான ஏற்றம் என்றால் கூடுதல் விலை கொடுத்து ஹப் ரிடக்‌ஷன் எடுங்கள். எம்-சாண்ட் ஏற்றி 60, 70 கிலோமீட்டர் தார்ச்சாலையில் ஓடுவதுதான் முக்கியத் தொழில் என்றால் சிங்கிள் ரிடக்‌ஷனே சரி.

விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: ஆக்சில் கம்பெனி நிர்ணயித்த சுமை (சட்ட எடை வேண்டாம்), அதிகபட்ச வெளியீட்டு டார்க், கிரவுன் வீலின் விட்டம், ஷாஃப்ட்டின் விட்டம், ஹவுசிங் தகட்டின் கனம். இத்துடன் பினியனின் மூக்குப் பக்கம் தாங்கும் பேரிங் உண்டா என்றும் கேளுங்கள். இருபக்கமும் பிடிப்புள்ள பினியன், திடீர் அதிர்ச்சியில் கிரவுனை விட்டு விலகுவது குறைவு. இவற்றைச் சொல்லத் தெரியாத ஷோரூமில் சர்வீஸ் மேலாளரைப் பாருங்கள். பாகப் பட்டியல் அவரிடம் இருக்கும்.

கேள்வி: ஷாஃப்ட் 50 மி.மீ. இருந்தால் 45 மி.மீ. ஷாஃப்ட்டை விட அதிக லோடு தாங்குமா? – கரூர் வாசகர்

பதில்: லோடுக்கும் ஷாஃப்ட்டின் பருமனுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கனரக லாரிகளில் இருப்பது ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில். எடை முழுவதும் ஹவுசிங் முனையில் உட்கார்ந்திருக்கும் ஹப் பேரிங்கில் நிற்கிறது. ஷாஃப்ட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, ஜாக்கி போடாமலே அதை வெளியே உருவலாம். லோடு வண்டி அப்படியே நிற்கும். ஷாஃப்ட்டுக்கு முறுக்கு மட்டுமே வேலை.

முறுக்கில் வித்தியாசம் பெரிது. உருளைக் கம்பியின் முறுக்கு வலு விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 45-ஐ 50 ஆக்கினால் விட்டம் 11 சதவீதம்தான் கூடுகிறது, வலுவோ 37 சதவீதம் கூடுகிறது. எஃகும் சூட்டுப்பதமும் ஒன்றாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். பதம் சரியில்லாத 50, நல்ல 45-இடம் தோற்கும்.

கேள்வி: எங்கள் டாரஸ் லாரியில் ஒரே பக்க ஆக்சில் ஷாஃப்ட் அடிக்கடி உடைகிறது. கனமான ஷாஃப்ட் போட்டால் தீருமா? – ஓசூர் வாசகர்

பதில்: முதலில் உடைந்த முகத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பழைய விரிசலாக இருந்தால் ஒரு பகுதி வழவழப்பாக, கறுத்து, கிளிஞ்சலின் வரிகளைப் போல வளைகோடுகளோடு இருக்கும். கடைசியில் முறிந்த பகுதி மட்டும் சொரசொரப்பாக மின்னும். அப்படி இருந்தால் ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் முனையின் பற்கள்) அடியிலோ ஃப்ளாஞ்ச் (போல்ட் மாட்டும் தட்டு) வளைவிலோ தொடங்கிய களைப்பு விரிசல். ஹவுசிங் வளைந்திருந்தாலும், ஹப் பேரிங் தளர்ந்திருந்தாலும் ஒரே பக்கம் திரும்பத் திரும்ப இப்படிப் போகும். முகம் முழுவதும் புதிதாக, முறுக்கிய திருகுபோல் கிழிந்திருந்தால் ஒரே அடியில் போனது. அதற்குக் காரணம் ஓவர்லோடு அல்லது டிஃப்ரன்ஷியல் லாக்கை (இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலும்படி பூட்டுவது) தவறாகப் பயன்படுத்துவது.

ஓவர்லோடு ஷாஃப்ட்டை எப்படி உடைக்கிறது என்பதைக் கவனியுங்கள். சக்கரம் சறுக்கும் வரைதான் ஷாஃப்ட்டுக்கு முறுக்கு ஏறும். சேற்றில் பிடிமானம் 0.3, டயர் ஆரம் அரை மீட்டர் என்று வைத்தால், 21 டன் பாரத்தில் நான்கு பக்கச் சக்கரமும் சேர்ந்து சுமார் 31,000 நியூட்டன் மீட்டரில் சறுக்கிவிடும். அதே சேற்றில் பின் ஆக்சில்களில் 30 டன் பாரம் ஏறினால் 44,000 வரை சறுக்காது. முன்பு சொன்ன இன்ஜினின் முழு 42,000-மும் கியருக்குள்ளேயே இறங்கும். சறுக்கல் தந்த பாதுகாப்பு போய்விடுகிறது. எம்-சாண்ட் ஒரு யூனிட் (100 கன அடி) 4.5 டன் வரும், ஈரமானால் 5 டன்னைத் தொடும். யூனிட் கணக்கில் ஏற்றுபவர்கள் மழைக்காலத்தில் தெரியாமலே டன் கணக்கில் ஏமாறுகிறார்கள். எடைமேடைச் சீட்டைப் பாருங்கள்.

அடுத்தது லாக். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது டிஃப்ரன்ஷியல் லாக்கைப் போட்டால், மொத்த வேகமும் ஒரு நொடியில் பிடிமானம் உள்ள ஒற்றைச் சக்கரத்தின் ஷாஃப்ட்டில் இறங்கும். வண்டியை நிறுத்தி, கிளட்ச் மிதித்து, லாக் போட்டு, லாக் விளக்கு எரிந்த பிறகு மெல்ல எடுக்க வேண்டும். நேராகப் போய், கெட்டித் தரை வந்ததும் விடுவிக்க வேண்டும். லாக்கோடு திருப்பவே கூடாது.

இதையெல்லாம் சரிசெய்யாமல் கனமான ஷாஃப்ட்டை மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்து உடைவது ஸ்பைடரோ கிரவுன் பல்லோதான். ஷாஃப்ட் வெளியிலிருந்தே உருவி மாற்றக்கூடியது. கிரவுன் போனால் மொத்தக் குடத்தையும் இறக்க வேண்டும்.

கேள்வி: பழைய டாரஸ் வாங்குகிறேன். ஆக்சிலில் என்ன பார்ப்பது? ரேஷியோ மாற்றியிருந்தால் எப்படித் தெரியும்? – நாமக்கல் வாசகர்

பதில்: சமதளத்தில் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போடுங்கள். கடைசி ஆக்சிலின் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு வைத்து, பிரேக்கை விடுவியுங்கள். டயரிலும், இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே உள்ள சின்ன ஜாயின்ட்டிலும் (இரண்டையும் இணைக்கும் சுழல் தண்டு) சாக்பீஸ் குறி போடுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக 2 சுற்று சுற்றுங்கள். மறுபக்கம் தரையில் நிற்பதால் கிரவுன் ஒரு சுற்றுதான் சுற்றும். ஜாயின்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுவே ரேஷியோ. 6-க்குச் சற்றுக் குறைவென்றால் 5.86, 7-க்குச் சற்றுக் குறைவென்றால் 6.83. இரண்டு ஆக்சிலின் ரேஷியோவும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வேறு கிரவுன் பினியன் செட் மாட்டியிருந்தால் நடு டிஃப்ரன்ஷியல் (இரண்டு ஆக்சிலுக்கும் சுழற்சியைப் பிரிப்பது) ஓயாமல் சுழன்று கருகும். அப்படிப்பட்ட வண்டியை விட்டுவிடுங்கள்.

பிறகு எண்ணெய். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது சகஜம். செதில், பல் துண்டு இருந்தால் உள்ளே சேதம். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. உட்புற டயர்களின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் ஹவுசிங் தொய்ந்திருக்கலாம். பட்டா (ஸ்பிரிங் தகடுகள்) உட்காரும் இடத்தருகே எண்ணெய் கசிந்து தூசி படிந்திருந்தால் அங்கே விரிசல் தேடுங்கள்.

கேள்வி: ஹவுசிங்குக்கு அடியில் தகடு வெல்டிங் செய்து வலுவாக்கினால் கூடுதல் லோடு ஏற்றலாமா? – பெருந்துறை வாசகர்

பதில்: கூடாது. வெல்டிங் சூட்டில் ஹவுசிங் கோணும். பேரிங் இருக்கைகள் நேர்கோட்டை விட்டு விலகும். வெல்டிங் ஓரத்திலேயே புது விரிசல் பிறக்கும். ஆர்.சி.யில் உள்ள எடையும் இதனால் ஒரு கிலோ கூடாது. ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் அபராதம். தகட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் கம்பெனி கையேட்டில் சொன்ன ஜி.எல்-5 தர கியர் எண்ணெயை மாற்றுங்கள், ஹவுசிங் மேலே உள்ள பிரீதரை (காற்றுப் போக்கி) கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தால் உள்ளே காற்றழுத்தம் ஏறி ஹப் சீல் வழியே எண்ணெய் வெளியேறும்.