வீரிய ஒட்டு நெல்லுக்குப் பெற்றோர் எவ்வளவு தூரம்?

கேள்வி: ஒட்டு நெல்லில் தாயும் தகப்பனும் தூரத்து உறவாக இருந்தால்தான் விளைச்சல் கூடுமாமே? அறுத்த நெல்லையே அடுத்த பட்டத்துக்கு விதைக்கலாமா?
– வாசகர், திருவையாறு

பதில்: ஓரளவு உண்மை. இரண்டும் ஒரே குடும்பத்து ரகங்கள் என்றால் ஒட்டு வீரியம், அதாவது பெற்றோரை மிஞ்சும் வளர்ச்சி, குறையும். அதற்காக மிகவும் விலகினாலும் வம்பு: நெல்லின் இரு பெரும் பிரிவுகளான இண்டிகாவையும் ஜப்பானிகாவையும் நேரடியாகச் சேர்த்தால், கதிர் பெரிதாக வந்தும் பாதி பதராகிவிடலாம். அதனால்தான் டிஎன்ஏ குறியீடுகளால் தூரத்தை அளந்தபின்னும் சோதனை ஒட்டு கட்டி வயலில் பார்க்கிறார்கள். தூரம் மட்டும் விளைச்சலைச் சொல்லிவிடாது.

நம் கவலை தாய்ப் பக்கம். ஒட்டு நெல்லுக்குத் தாயாகும் ஆண் மலட்டு வரிசைகளில் (தன் மகரந்தம் வேலை செய்யாத செடிகள்) பெரும்பாலானவை 1970-இல் சீனாவின் ஹைனான் தீவில் கிடைத்த ஒரே காட்டு நெல்லின் சைட்டோபிளாசம் (தாய்வழியே வரும், செல்லின் உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதி) கொண்டவை. அதே ஆண்டு அமெரிக்க மக்காச்சோளம் இப்படி ஒரே தாய்வழியை நம்பித்தான் இலைக்கருகலில் அடிவாங்கியது.

இந்தத் தாய்ச்செடியில் இன்னொரு தொல்லை, கதிரின் அடிப்பாகம் கண்ணாடி இலை (கதிரை ஒட்டிய கடைசி இலை) உறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். விதை உற்பத்தியில் 5–10 சதவீதம் பூட்டை (கதிர் வெளிவருதல்) வந்ததும் ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிப்பது அதற்காகத்தான். ஏக்கருக்கு மொத்தம் 24 கிராம், இரண்டு தவணை. பூக்கும் நேரத்தில் கயிறு இழுத்து மகரந்தத்தை உதிர்க்க வேண்டும். 100 மீட்டருக்குள் வேறு நெல் பூத்தால் கலப்புதான்.

அறுத்த நெல்லை விதைக்காதீர்கள். அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரியும்: உயரமும் பூக்கும் நாளும் ஆளுக்கொரு பக்கம் போகும், மலட்டுக் கதிர்களும் தலைகாட்டும்.