நேரான நீள முடியில் கொண்டை நிற்க மாட்டேன் என்கிறதா? கேள்வி பதில்

நேர் முடிக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சுருட்டை முடிக்குச் சொல்லப்படும் வழிகள் நமக்கு அப்படியே ஒத்துவராது, அதனால் இது நமக்கு மட்டும்.

கேள்வி: இடுப்பைத் தாண்டிய நேர் முடி எனக்கு. எவ்வளவு இறுக்கிக் கொண்டை போட்டாலும் அரை மணி நேரத்தில் கழுத்துக்கு இறங்கிவிடுகிறது. என்ன செய்ய?

பதில்: முதலில் இறுக்குவதை விடுங்கள். முடி நேராகவும் வழவழப்பாகவும் இருப்பதால் ஒரு இழை மேல் இன்னொரு இழை வழுக்கிக்கொண்டு போகிறது, நீங்கள் இறுக்க இறுக்க வேர்தான் வலிக்குமே தவிர வழுக்கல் நிற்காது. கொண்டையைத் தலையோடு பிடித்துவைப்பது ஊசி. அதை எப்படிக் குத்துகிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

தளர்வான குதிரைவால் போட்டுக்கொள்ளுங்கள். முடியை ஒரே திசையில் முறுக்கி, அதே திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கு அவிழ்ந்துகொண்டே வரும், பலர் கவனிக்காத விஷயம் இது. நுனியைச் சுற்றுக்கு அடியில் செருகிவிடுங்கள். இப்போது வாய் அகன்ற கொண்டை ஊசி ஒன்றை எடுத்து, அதன் முனை கொண்டையின் நடுவைப் பார்க்காமல் வெளியே பார்க்கும்படி பிடித்து, வெளிச்சுற்றிலிருந்து கொஞ்சம் முடியையும் அடியில் தலையோடு ஒட்டிய முடியில் கொஞ்சத்தையும் கோத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஊசியை அப்படியே மடக்கித் திருப்பி, தலையை ஒட்டியபடி கொண்டையின் நடுவை நோக்கித் தள்ளுங்கள். சரியாக மாட்டியிருந்தால் ‘கப்’பென்று பிடித்துக்கொள்வது விரலுக்கே தெரியும். மேல், கீழ், இடம், வலம் என்று 4 ஊசி போதும். நேராகக் குத்திய 15 ஊசியை விட இப்படிக் குத்திய 4 ஊசி நன்றாக நிற்கும்.

கேள்வி: தலைக்குக் குளித்த அன்று சுத்தமாக நிற்பதில்லை, மறுநாள் நிற்கிறது. ஏன்?

பதில்: ஷாம்பூ எண்ணெய்ப் பசையை எடுத்துவிடுகிறது, கண்டிஷனர் முடிமேல் ஒரு வழுக்குப் படலம் விடுகிறது, பிடிமானத்துக்கு ஒன்றும் மிச்சமில்லை. கொண்டை போட வேண்டிய நாளுக்கு முந்தின நாளே குளித்துவிடுங்கள். முடியாவிட்டால் கண்டிஷனரை நுனிப்பக்கம் மட்டும் தடவுங்கள், காய்ந்தபின் வேர்ப்பக்கம் கொஞ்சம் ட்ரை ஷாம்பூ (தண்ணீர் இல்லாமல் முடியில் தூவும் பொடி) போடுங்கள். ஹேர் ஸ்ப்ரே இருந்தால் முடியில் அடிப்பதற்கு முன் ஊசியின் மேல் அடித்துவிட்டுக் குத்திப் பாருங்கள், ஊசி வழுக்காது. சீப்பை வைத்து முடியைப் பின்னோக்கிச் சீவிச் சிக்காக்கிப் பிடிமானம் உண்டாக்கும் வழியை மட்டும் தயவுசெய்து வேண்டாம், முடியின் மேல்தோல் செதில் செதிலாகக் கிளம்பிவிடும்.

கேள்வி: அவசரத்துக்கு ஈரத்தோடே கொண்டை போடலாமா?

பதில்: வேண்டாம். நனைந்த முடி காய்ந்த முடியை விட அதிகம் இழுபடும், சீக்கிரம் அறுந்தும் போகும். தவிர, அடர்த்தியான கொண்டையின் உள்ளே ஈரம் பல மணி நேரம் காயாமல் கிடந்து வாடை அடிக்கும்.

கேள்வி: முடி நீளம்தான், ஆனால் மெலிசு. கொண்டை ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது.

பதில்: முடி நிறத்திலேயே டோனட் (கொண்டைக்குள் வைக்கும் பஞ்சு வளையம்) வாங்கி உள்ளே வைக்கலாம். எனக்குப் பிடித்தது வேறு வழி: தளர்வாகப் பின்னல் போட்டு, பின்னலின் ஒவ்வொரு கண்ணியையும் ஓரத்தில் பிடித்து மெதுவாக வெளியே இழுத்துப் பட்டையாக்கி, அதற்கப்புறம் சுற்றுங்கள். இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும், வழுக்கலும் குறையும்.

கேள்வி: சாயங்காலம் ஆனால் தலைவலி வந்துவிடுகிறது. கொண்டையை அவிழ்த்தால் சரியாகிறது. இது என் பிரமையா?

பதில்: பிரமையே இல்லை. முடியை இழுத்துக் கட்டுவதால் வரும் தலைவலி மருத்துவர்களின் வகைப்பாட்டிலேயே தனியாக இருக்கிறது. நீளமான முடியின் மொத்தப் பாரமும் ஒரே புள்ளியில் தொங்கினால் வலிக்கத்தான் செய்யும். ரப்பர் பேண்டே இல்லாமல் முறுக்கிச் சுற்றி ஊசி மட்டும் போட்டுப் பாருங்கள், பாரம் பரவும். இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள், ஒரு நாள் உச்சிப் பக்கம், ஒரு நாள் பிடரிக்குக் கொஞ்சம் மேலே.

வலியை விட எனக்குக் கவலை தருவது நெற்றி ஓரம்தான். தினமும் வலித்து இழுத்துக் கட்டுகிறவர்களுக்கு நெற்றியிலும் காதோரத்திலும் முடி மெலிய ஆரம்பிக்கும். அந்த இடத்தில் சின்னச் சின்னப் பருக்கள், சிவப்பு, குட்டையாக உடைந்த முடி தெரிந்தால் அன்றைக்கே இறுக்கமாகக் கட்டுவதை நிறுத்துங்கள். ஆரம்பத்திலேயே நிறுத்தினால் திரும்ப வளர்ந்துவிடும். வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருந்தால் வேர்ப்பைகள் தழும்பாகிவிடும், அப்புறம் அங்கே முடி வராது. கண்ணாடியில் புருவம் மேலே இழுபட்டதுபோல் தெரிந்தால் அந்தக் கொண்டையை அவிழ்த்துவிட்டு மறுபடி போடுங்கள்.

கேள்வி: லேயர் வெட்டியிருக்கிறேன். சுற்றும்போது நடுநடுவே குச்சி குச்சியாக முடி நீட்டிக்கொண்டு நிற்கிறது.

பதில்: முடியை இரண்டாகப் பிரித்து இரண்டையும் வலப்பக்கம் முறுக்கி, பிறகு ஒன்றோடொன்று இடப்பக்கமாகப் பின்னுங்கள், கயிறு திரிப்பதுபோல. குட்டை முடிகள் உள்ளே மாட்டிக்கொள்ளும். அப்படியும் தப்பியதைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் துளி ஜெல் தொட்டுப் படியவைத்தால் போதும்.

கேள்வி: கருப்பு ஹேர்பின்னில் வளைவு வளைவாக இருக்கும் பக்கம் மேலேயா கீழேயா?

பதில்: கீழே, தலையைத் தொடும் பக்கம். அந்த வளைவுதான் முடியைப் பிடிக்கும்.

கேள்வி: அவிழ்க்கும்போதுதான் நிறைய முடி கொட்டுகிறது.

பதில்: ஒரு நாள் முழுக்க இயல்பாக உதிர்ந்த முடி கொண்டைக்குள்ளேயே தங்கியிருந்து மொத்தமாக வெளியே வருகிறது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இழையின் ஒரு முனையில் சின்ன வெள்ளைப் புள்ளி இருந்தால் தானாக உதிர்ந்தது. புள்ளி இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் உடைந்தது, அப்போது அவிழ்க்கும் விதத்தைப் பாருங்கள். எல்லா ஊசியையும் எடுத்து முடித்தபிறகு நுனியைத் தேடிப் பிடித்து, சுற்றிய திசைக்கு எதிராக மெதுவாக விடுங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது, இடுப்பைத் தொடும் நுனிக்கு 5, 6 வயது ஆகியிருக்கும். அகலப் பல் சீப்பால் அந்த நுனியிலிருந்து தொடங்கி மேலே போங்கள்.