வெளியூர்க்காரரை அழைத்துவந்து ஊரை ஆளச் சொன்னது ஏன்?

எந்த ஊரும் அந்நியனைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். இத்தாலிய நகரங்கள் மட்டும் அதிகாரத்தையே அவன் கையில் கொடுத்தது ஏன் என்பது கேள்வி.

காரணம் உள்ளூர்ப் பகை. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட, மத்திய இத்தாலிய நகரங்களில் பெரிய குடும்பங்கள் தெருவிலேயே வெட்டிக்கொண்டன. உள்ளூரில் யாரை நீதிபதியாக வைத்தாலும் அவர் ஏதோ ஒரு தரப்புக்குச் சொந்தக்காரர். அதனால் வேறு நகரத்திலிருந்து 'பொதெஸ்தா' என்ற தலைமை அதிகாரியைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். பதவி ஓராண்டு, பின்னாளில் பல இடங்களில் ஆறே மாதம். நீதிபதிகள், நோட்டரிகள், காவலர்கள் எல்லோரையும் அவரே கூட்டிவர வேண்டும். உள்ளூர்க்காரர் வீட்டில் விருந்துண்ணக்கூடப் பல நகரங்களில் தடை. பதவி முடிந்ததும் கிளம்பிவிட முடியாது. கணக்கு தணிக்கையாகி, அவர்மேல் வந்த புகார்கள் விசாரிக்கப்படும்வரை இருந்தாக வேண்டும். என் பார்வையில் இந்தக் கடைசி விதிதான் ஏற்பாட்டின் உயிர்.

வெளியாளுக்கு ஆபத்தில் கைகொடுக்க உறவு கிடையாது. போலோஞாவைச் சேர்ந்த பிரான்கலேயோனே, 1252-இல் ரோமின் செனட்டர் பதவியை (அங்கே பொதெஸ்தாவுக்கு இணையான தலைமைப் பதவி அதுதான்) ஏற்கும்போதே ரோமப் பிரபுக் குடும்பத்தினரைப் பிணையாகப் போலோஞாவுக்கு அனுப்ப வைத்தார். 1255-இல் அவரைச் சிறையில் அடைத்தார்கள். உயிர் தப்பியது அந்தப் பிணையால்தான்.

ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908-இல் அந்நியனைப் பற்றி எழுதியபோது இத்தாலிய நகரங்கள் வெளியிலிருந்து அழைத்த இந்த நீதிபதிகளையே எடுத்துக்காட்டினார். அவர் சொல்லும் அந்நியன் வழிப்போக்கன் அல்ல. வந்து தங்கிவிட்டவன், ஆனால் ஊரின் கட்சிகளில் சேராதவன். எந்தக் கலகம் வந்தாலும் 'வெளியாள் தூண்டிவிட்டான்' என்று சொல்லிவிடுவார்கள் என்பதையும் சிம்மல் அங்கேயே குறித்திருக்கிறார்.