வாரயிறுதி நர்சிங் படிப்பும் 40 மணி நேர வேலையும் – கடிதம், பதில்

வணக்கம். நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். வயது 36, கிரீன் கார்டு உண்டு. ஊரில் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு வந்தேன். இங்கே ஒரு லேபில் வாரம் 40 மணி நேரம் வேலை பார்க்கிறேன். ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கான துரித பி.எஸ்.என். (நர்சிங் இளநிலைப் பட்டம்) படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. வாரநாட்களில் ஆன்லைன் பாடம், சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் 12 மணி நேர கிளினிக்கல், அதாவது நேரடிப் பயிற்சி. 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள். "வாரயிறுதிப் படிப்புதானே, வேலையை விடவேண்டாம்" என்கிறார் கணவர். தூக்கத்தை 5 மணி நேரமாகக் குறைத்தால் சமாளித்துவிடலாம் என்று தோன்றுகிறது. முடியுமா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வாரம் 40 மணி நேர வேலையோடு வேண்டாம். வாரம் 24 மணி நேர வேலையோடு முடியும். ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் ஒரு க்ரெடிட் என்றால் வாரத்துக்கு 1 மணி நேர வகுப்பு, 2 மணி நேர வீட்டுப் படிப்பு, இப்படிச் சுமார் 15 வாரம். 3 க்ரெடிட் பாடத்துக்கு மொத்தம் 135 மணி நேரம். துரிதப் படிப்பில் அதே பாடம் 7 வாரத்தில் முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடம் குறையாது, வாரம்தான் குறையும். ஆக வாரத்துக்கு 19 மணி நேரம். "வாரயிறுதி" என்ற பெயர் கிளினிக்கலுக்குத்தான் பொருந்தும், படிப்பு ஏழு நாளும் உண்டு.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். பயணத்தோடு வேலை 45, கிளினிக்கல் 14, ஒரு பாடம் 19, தூக்கம் 49. மிஞ்சுவது 41. அதே சமயம் இரண்டாவது பாடமும் ஓடினால் 22, அதாவது ஒரு நாளைக்கு 3 மணி நேரம் சொச்சம். சமையல், குளியல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், கடைகண்ணி எல்லாம் அதற்குள். யாராலும் இரண்டு வருடம் இப்படி ஓட முடியாது. வேலையை வாரம் 3 நாளாகக் குறைத்தால் 18 மணி நேரம் திரும்பி வருகிறது. ஆனால் 30 மணி நேரத்துக்குக் கீழே போனால் கம்பெனி மருத்துவக் காப்பீடு போய்விடக்கூடும். குடும்பத்தை முதலில் கணவரின் காப்பீட்டுக்கு மாற்றிவிட்டு, பிறகு மேலாளரிடம் பேசுங்கள்.

தூக்கத்தில் கைவைக்காதீர்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிதானத்துக்குச் சமம் என்கிறார்கள். கிளினிக்கலுக்காக அதிகாலை 4.30க்கு எழுந்தால் இரவு 9.30க்கு அந்த நிலைக்கு வந்துவிடுவீர்கள். அதனால் சனி இரவு புத்தகத்தைத் தொடவேண்டாம். வெள்ளி இரவு 9 மணிக்குப் படுத்தாக வேண்டும். யூனிஃபார்ம், ஸ்டெதாஸ்கோப், நொடிமுள் உள்ள கைக்கடிகாரம், சாப்பாட்டு டப்பா எல்லாம் வியாழக்கிழமையே தயாராக இருக்கட்டும்.

இந்தப் படிப்பில் பலர் தோற்பது கிளினிக்கலில் அல்ல, எழுத்துத் தேர்வில். பல கல்லூரிகளில் தேர்வுச் சராசரி மட்டுமே தனியாக 75 சதவீதமாவது வரவேண்டும். 74.9ஐ 75 ஆக்க மாட்டார்கள், அசைன்மென்ட் மதிப்பெண் கைகொடுக்காது. இரண்டு பாடத்தில் தோற்றால் வெளியே அனுப்பும் இடங்களும் உண்டு. நம் ஊரில் படித்தவர்களுக்கு இங்கேதான் சறுக்கும். மனப்பாடம் செய்ததை இங்கே கேட்பதில்லை. நான்கு நோயாளிகளைக் காட்டி, முதலில் யாரைப் பார்ப்பாய் என்று கேட்பார்கள். நேற்று அறுவை செய்து வலியில் இருப்பவர், சர்க்கரை 250 உள்ளவர், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் ஆக்ஸிஜன் 90 சதவீதத்தில் இருப்பவர், தைராய்டு அறுவைக்குப் பிறகு மூச்சிழுக்கையில் கீச்சொலி வருபவர். நால்வருக்கும் கவனிப்பு தேவை. மூச்சுப்பாதை அடைபடத் தொடங்கியிருப்பது கடைசி ஆளுக்கு, எனவே அவர்தான் முதலில். நுரையீரல் நோயாளிக்கு 90 என்பது பெரும்பாலும் ஏற்கத்தக்க அளவு. இது தெரியாதவர் அவரிடம் ஓடுவார்.

எனவே 1 மணி நேரம் வாசித்தால் 1 மணி நேரம் கேள்விகள் போடுங்கள். ஒரு தடவைக்கு 25 கேள்வி போதும். தவறிய ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதுங்கள்: பாடம் தெரியவில்லையா, கேள்வியைத் தவறாகப் படித்தேனா, சரியான விடையை மாற்றிவிட்டேனா. மூன்றே வாரத்தில் உங்கள் பலவீனம் எது என்று தெரிந்துவிடும். கடைசியில் வரும் உரிமத் தேர்வான என்க்ளெக்ஸும் இதே பாணிதான்: 85 முதல் 150 கேள்வி, 5 மணி நேரம்.

மருந்தளவுக் கணக்குத் தேர்வில் 90, சில இடங்களில் 100 சதவீதமே கேட்பார்கள். 1000 மில்லி திரவம் 8 மணி நேரத்தில் ஏறவேண்டும் என்றால் மணிக்கு 125 மில்லி. மில்லிக்கு 15 சொட்டு விழும் குழாய் என்றால் நிமிடத்துக்கு 31 சொட்டு. தசமத்தை இடையில் முழு எண்ணாக்கக் கூடாது, கடைசியில் மட்டும். எடை பவுண்டில் வரும், கிலோவாக்க 2.2ஆல் வகுங்கள். 0.5க்கு முன்னுள்ள பூஜ்யத்தை விடாதீர்கள். 5.0 என்று எழுதாதீர்கள், புள்ளி கண்ணில் படாவிட்டால் 50 ஆகிவிடும்.

பணம்: ஏற்கெனவே பட்டம் இருப்பதால் பெல் மானியம் (மத்திய அரசின் கல்வி உதவித்தொகை) கிடையாது. உங்கள் நிறுவனம் படிப்புதவி தருமா என்று கேளுங்கள். வருடம் 5,250 டாலர் வரை வரி இல்லை. வேலையை விட்டால் திருப்பித் தரவேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவரிடம் "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை அடுக்களையும் பிள்ளைகளும் அவர் பொறுப்பு என்று இப்போதே பேசிமுடியுங்கள். சனி காலையில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, அவரும் ஊரில் இல்லையென்றால் யார் வருவார்கள் என்பதற்கு இரண்டு பெயர் கையில் இருக்கவேண்டும். தவறிய கிளினிக்கலுக்கு மாற்று நாள் கிடைப்பது அரிது.

இன்றே செய்யவேண்டியது, கிளினிக்கலுக்கு முன் கேட்கும் தடுப்பூசி, பரிசோதனை வேலை. ஹெபடைடிஸ் பி ஊசி இனிமேல்தான் போடவேண்டும் என்றால், வழக்கமான முறையில் மூன்று தவணைக்கு 6 மாதம் ஆகும். காசநோய்க்குத் தோல் பரிசோதனை எழுதித் தந்தால், பிறந்தபோது பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போட்டதைச் சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள். பி.சி.ஜி. போட்டவர்களுக்குத் தோலில் பொய்யான பாசிட்டிவ் வரலாம். பிறகு எக்ஸ்-ரே, டாக்டர் கடிதம் என்று அலைவதற்குள் முதல் கிளினிக்கல் தேதி கடந்துவிடும்.