செருப்பைக் கழற்றும் சத்தம்

கேள்வி: எனக்கு வயது 29. நானும் என் தோழியும் நான்கு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். தோழி என்பது ஹவுஸ் ஓனருக்குச் சொன்னது. நாங்கள் தம்பதி மாதிரிதான். கோபம் வந்தால் அடிக்கிறாள். ஒரு தடவை கழுத்தைப் பிடித்தாள், உடனே விட்டுவிட்டாள். என் ஏடிஎம் கார்டு அவளிடம் இருக்கிறது. பிரிந்து போனால் ஊரில் அப்பாவுக்கு எங்கள் போட்டோவை அனுப்புவேன் என்கிறாள். வாசலில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும். நானும் ஒருமுறை கரண்டியை எறிந்திருக்கிறேன். அப்போ என் மேலும் தப்புதானே? பெண்ணைப் பெண் அடித்தாள் என்றால் போலீஸில் சிரிக்க மாட்டார்களா?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: கழுத்தை ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை. வருடக்கணக்கில் குடும்ப வழக்கு பார்க்கிற வக்கீல் நான். அறைந்தார் என்பதைவிட, கழுத்தில் கை வைத்தார் என்று கேட்டால்தான் எனக்கு வயிறு கலங்கும். உயிருக்கே ஆபத்து என்பதற்கான அடையாளம் அது. குரல் கம்மினாலோ, விழுங்கும்போது வலித்தாலோ டாக்டரிடம் போங்கள். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள், சீட்டில் பதிவாகட்டும்.

கரண்டிக்கு வருவோம். உங்கள் செருப்புச் சத்தத்தைக் கேட்டு அவர் பயப்படுகிறாரா? இல்லையென்றால் அந்தக் கரண்டியை விட்டுத்தள்ளுங்கள்.

போலீஸில் சிரிக்கிறவர்கள் இருப்பார்கள்; இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு பற்றிய பயம் 2018லேயே போய்விட்டது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021ல் உத்தரவு போட்டார். உங்களைப் போன்றவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று மறு வருடமே தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதிகளில் சேர்த்தார்கள்.

குடும்ப வன்முறைச் சட்டத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். எதிர்மனுதாரர், அதாவது புகாருக்கு ஆளானவர், ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2016ல் நீக்கியது உண்மைதான். ஆனால் அந்தச் சட்டம் கேட்கிறபடி உங்கள் உறவு 'திருமணம் போன்றது'தானா என்று எதிர்த்தரப்பு வக்கீல் நாள் முழுக்க வாதாடுவார். அடிப்பதும் மிரட்டுவதும், பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் யார் செய்தாலும் குற்றம். மிரட்டிப் பணம் பிடுங்குவதும் அப்படித்தான். அங்கே ஆணா பெண்ணா என்ற கேள்வியே கிடையாது. 15100க்குப் போன் போட்டால் இலவச சட்ட உதவி கிடைக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை. அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

புருஷன் அடித்தால் பிறந்த வீட்டுக்குப் போ என்போம். உங்களுக்கு அந்தக் கதவையும் போட்டோவைக் காட்டியே பூட்டி வைத்திருக்கிறார். அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் அப்பாவை எனக்குத் தெரியாது. சித்தியோ, ஆபீஸ் தோழியோ, ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். மிரட்டல் மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நீங்கள் நம்பும் அந்த ஒருவருக்கு அனுப்பிவிட்டு, அந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். ஆதார், சர்டிபிகேட் எல்லாம் ஆபீஸ் டிராயருக்குப் போகட்டும், ஒரே நாளில் வேண்டாம்.

கார்டைத் திருப்பிக் கேட்காதீர்கள். இப்போதே பிளாக் செய்தாலும் அடுத்த முறை பணம் எடுக்கும்போது அவருக்குத் தெரிந்துவிடும். கிளம்புகிற அன்று, அவர் வேலைக்குப் போன பிறகு, தெருமுனை தாண்டி ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு பிளாக் செய்யுங்கள்.